வாளியில் கொட்டுகிறது, ஹீட்டருக்கு வரவில்லை: ஒரு மோட்டார் படகின் கேபின் ஹீட்டர் ஆய்வு

படகு 29 அடி நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் க்ரூஸர், 1990களில் கட்டியது. உள்ளே ஒரே ஒரு 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின், அதிலிருந்து நேராக ஷாஃப்ட், ப்ரொப்பெல்லர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அனகோர்ட்டஸ் துறையில் நிற்கிறது. அங்கிருந்து சான் வான் தீவுகள் பக்கம் போய்வரும். உரிமையாளர் சால்மன் மீன் பிடிப்பவர், ஜனவரியிலும் படகை எடுப்பவர். அவருடைய புகார் ஒரே வரி: ஹீட்டர் ஓடுகிறது, சூடு வருவதில்லை.

வசதிக் குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கேபினுக்குள் இரண்டு பேர் மூச்சு விட்டாலே முன்கண்ணாடி உள்பக்கம் வேர்த்துவிடும். அந்த நீர்வழிகளில் மிதக்கும் மரக்கட்டைகள் அதிகம். கண்ணாடி தெளிவாக இல்லாமல் ஓட்டினால் ப்ரொப்பெல்லரைப் பறிகொடுக்க வேண்டியதுதான். சென்னையில் கார் ஓட்டிப் பழகியவர்கள் பலர் ஹீட்டர் குமிழைத் தொட்டே இருக்க மாட்டார்கள். இங்கே முதலில் கை போகும் இடமே அதுதான்.

நான் பார்ப்பதற்கு முன்பே உரிமையாளர் சில வேலைகளைச் செய்திருந்தார். என்ஜின் போதுமான சூட்டை எட்டியதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் புதிதாகப் போட்டார். ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரைக் கழற்றி உப்புப் படிவு நீக்கும் திரவம் ஊற்றிக் கழுவினார். இரண்டிலும் பயனில்லை. மூன்றாவதாக, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டைத் தள்ளிவிட 12 வோல்ட் துணைப் பம்ப் ஒன்று வாங்கி, பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தார். அது கார்களுக்கான பம்ப். அந்தக் கதை பின்னால் வருகிறது.

என்ன எங்கே ஓடுகிறது

இந்த என்ஜின் மூடிய சுற்றில் குளிர்விக்கப்படுவது. என்ஜினின் உடலான பிளாக்குக்குள் சுற்றுவது கூலன்ட். அந்தச் சூட்டை வெப்பமாற்றியில் கடல்நீர் வாங்கிக்கொண்டு எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகிறது. கடல்நீரையே நேரடியாகப் பிளாக்குக்குள் விடும் என்ஜின்களும் உண்டு. அவற்றில் உப்பு படியும் என்பதற்காக 60 டிகிரி செல்சியஸ் அளவில் திறக்கும் தெர்மோஸ்டாட் போடுவார்கள். அத்தகைய படகில் ஹீட்டர் கொஞ்சம் மந்தமாக இருந்தால் அது பழுதே இல்லை, அதன் இயல்பு. இங்கே இருப்பது 71 டிகிரி தெர்மோஸ்டாட். ஆகவே நல்ல சூட்டை எதிர்பார்க்க உரிமை உண்டு.

ஹீட்டர் என்று தனியாக எதையும் எரிப்பதில்லை. இன்டேக் மேனிஃபோல்டில், தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே, சூடான கூலன்ட் வெளியேற ஒரு வாய் இருக்கிறது. அங்கிருந்து 16 மில்லிமீட்டர் ஹோஸ் கிளம்பி, முதலில் குளியலறைக்கான 23 லிட்டர் வெந்நீர்த் தொட்டியின் சுருள் வழியாகப் போய், அப்புறம் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலுள்ள ஹீட்டர் கோருக்கு வந்து, என்ஜினுக்குத் திரும்புகிறது. கோருக்குப் பின்னால் ஒரு ப்ளோயர். அதிலிருந்து இரண்டு குழல்கள் கண்ணாடிக்கு, இரண்டு கால்மாட்டுக்கு. பெட்டியின் மேல் 28,000 பிடியூ என்று ஒட்டியிருக்கிறது, ஏறக்குறைய 8.2 கிலோவாட். இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. தண்ணீர் இதைவிடச் சூடாகவும் ஓட்டம் தாராளமாகவும் இருந்தால் கிடைக்கும் எண் அது. 71 டிகிரி என்ஜினில் 5 கிலோவாட்டை எட்டினாலே எனக்குத் திருப்திதான்.

முதல் அளவுகள்

கரையில் கட்டிப்போட்டு நியூட்ரலில் ஓடும் என்ஜினை வைத்து ஹீட்டரை எடைபோடக் கூடாது. சுமையில்லாத என்ஜினில் சூடே குறைவு. கடல்நீரோ குளிர்காலத்தில் 8 டிகிரியை ஒட்டி நிற்கிறது. எனவே படகை வெளியே எடுத்து, கியரில் போட்டு, நிமிடத்துக்கு 1,200 சுழற்சியில் மெதுவாக ஓட்டியபடி அளந்தோம். பளபளக்கும் உலோகத்தில் இன்ஃப்ராரெட் துப்பாக்கி பொய் சொல்லும் என்பதால், அளக்க வேண்டிய இடங்களில் முதலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டேன்.

தெர்மோஸ்டாட் கூட்டில் 71 டிகிரி. என்ஜின் சூடாகத்தான் இருக்கிறது. புதுத் தெர்மோஸ்டாட்டும் சரி, டயலும் சரி. ஹீட்டருக்குள் போகும் ஹோஸ் 46 டிகிரி. வெளியே வரும் ஹோஸ் 20. கேபின் காற்று 12, குழல் வாயில் வரும் காற்று 29.

இந்த எண்களிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. இரண்டு ஹோஸும் நல்ல சூடாக இருந்து காற்று மட்டும் வெதுவெதுப்பாக வந்தால், குற்றம் காற்றுப் பக்கத்தில்: கோரின் இடுக்குகளில் தூசி, நாய் முடி, அல்லது உள்ளே படிவு. இரண்டுமே வெதுவெதுப்பாக, ஒன்றுக்கொன்று அருகருகே நின்றால் என்ஜினே சூடாகவில்லை என்று பொருள். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் 26 டிகிரி இடைவெளி என்றால், வந்த சூட்டையெல்லாம் கோர் ஒட்டக் கறந்துவிடுகிறது. அது தன் வேலையைச் செய்கிறது. அதற்குப் போதுமான அளவு கூலன்ட் வரவில்லை. கோரைக் கழுவியதில் பயன் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. என்ஜினில் 71, ஹீட்டர் வாசலில் 46. நடுவில் 25 டிகிரி எங்கே போயிற்று? வெந்நீர்த் தொட்டிக்குத்தான். காலையில் தொட்டி நிறையக் குளிர்ந்த நீர். வரிசையில் அது முதலில் நிற்பதால் முதல் பங்கு அதற்கு. "ஒரு மணி நேரம் போனால் கொஞ்சம் பரவாயில்லை" என்று உரிமையாளர் சொன்னதும் இதோடு பொருந்தியது.

தொட்டி இப்படித் திருடியதே ஒரு விதத்தில் உதவியது. ஓட்டமானி இல்லாமலே ஓட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். குழாயைத் திறந்து பிடித்துப் பார்த்ததில், 20 நிமிடத்தில் தொட்டி நீர் 12 டிகிரியிலிருந்து 32க்கு ஏறியிருந்தது. 23 லிட்டர் 20 டிகிரி ஏற ஏறக்குறைய 1,900 கிலோஜூல் வேண்டும். அதை 1,200 விநாடியால் வகுத்தால் 1.6 கிலோவாட். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஒரு லிட்டர் ஒரு டிகிரி இறங்கும்போது விடுவது சுமார் 3.7 கிலோஜூல். 25 டிகிரி இறங்குகிறது என்றால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர்தான் ஓடுகிறது. தொட்டியில் மேல்நீர் கீழ்நீர் வேறுபாடு இருக்கும், ஆகவே தோராயக் கணக்குதான். ஆனாலும் ஐந்தாறு லிட்டர் ஓட வேண்டிய இடத்தில் ஒன்று ஓடுகிறது என்று சொல்ல இது போதும்.

காற்று அடைப்பா?

ஓட்டம் குறைவு என்றதும் எல்லோரும் முதலில் நினைப்பது காற்று அடைப்பு. நினைப்பதில் தவறில்லை. இருக்கைக்கு அடியிலுள்ள ஹீட்டர், வெப்பமாற்றியின் மூடியைவிட உயரத்தில் இருக்கிறது. சுற்றில் காற்று இருந்தால் அது போய் ஒதுங்குவது அங்கேதான். வேகம் மாற்றும்போது இருக்கைக்கு அடியில் களகளவென்ற சத்தமும் கேட்டது.

என்ஜின் முழுக்க ஆறிய பிறகு வெப்பமாற்றியின் மூடியைத் திறந்தோம். மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. பக்கத்திலுள்ள சேமிப்புக் குடுவையோ நிரம்பி நின்றது. இதைப் பார்த்தாலே மூடியைச் சந்தேகிக்கலாம். சூட்டில் விரியும் கூலன்ட் மூடியைத் தள்ளிக்கொண்டு குடுவைக்குப் போகிறது. ஆறும்போது அதே மூடியிலுள்ள சிறு வால்வு வழியாகத் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். அந்த வால்வின் ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. உறிஞ்சப்பட்டது குடுவைக் கூலன்ட் அல்ல, ஏதோ ஒரு கிளாம்ப் இடுக்கின் வழியே வந்த காற்று. குடுவையை மட்டும் பார்த்து "கூலன்ட் நிறைய இருக்கிறது" என்று நம்புவது இப்படித்தான் ஏமாற்றும்.

மூடியை மாற்றி, வாயில் உயரமான புனல் வைத்து நிரப்பி, ஹீட்டரின் வெளியேறும் ஹோஸைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினோம். களகளச் சத்தம் நின்றது. மீண்டும் வெளியே எடுத்து அளந்தால் உள்ளே 49, வெளியே 22.

சத்தம் போனதும் வழக்கு முடிந்தது என்று கிளம்பிவிடத் தோன்றும். எண்கள் அதற்கு இடம் தரவில்லை. 27 டிகிரி இடைவெளி அப்படியே நிற்கிறது. காற்று இருந்தது உண்மை, அது குற்றவாளி அல்ல.

வாளி

அடுத்து, ஓட்டத்தை நேராகவே பார்க்கலாம் என்று திரும்பும் ஹோஸை என்ஜின் முனையில் கழற்றினோம். என்ஜின் பக்க வாயை அடைத்துவிட்டு, ஹோஸ் முனையை வாளிக்குள் விட்டு, 1,200 சுழற்சியில் அரை நிமிடம் ஓட்டினோம். இன்னொருவர் மூடி வழியாகக் கூலன்ட் ஊற்றிக்கொண்டே இருந்தார். என்ஜின் ஆறிய நிலையில் செய்ய வேண்டிய சோதனை இது. சூடான கூலன்ட் தெறித்தால் தோல் உரிந்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: ஹோஸ் முனையை வெப்பமாற்றி மூடியின் மட்டத்திலேயே பிடிக்க வேண்டும். படகின் அடிக்குழியான பில்ஜில் கீழே வாளியை வைத்தால் சைஃபன் விசையாலேயே கொட்டும். பம்ப் தள்ளுகிறதா, புவியீர்ப்பு இழுக்கிறதா என்று தெரியாது.

அரை நிமிடத்தில் ஏறக்குறைய மூன்று லிட்டர். அதாவது நிமிடத்துக்கு ஆறு.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். அதே ஹோஸ், அதே சுருள், அதே கோர், அதே பம்ப். வாளிக்கு ஆறு லிட்டர் வருகிறது. என்ஜினில் மாட்டினால் ஒரு லிட்டர். அடைப்பு எங்கேயாவது இருந்திருந்தால் வாளிக்கும் வந்திருக்காது. மடங்கிய ஹோஸ், நொறுங்கிய உள்சுவர், தேய்ந்த பம்ப் என்று மனத்தில் வைத்திருந்த பட்டியல் முழுவதும் ஒரே வாளியில் அடிபட்டுப் போனது. மிச்சம் ஒரே கேள்வி: அந்த ஹோஸ் திரும்பிப் போய்ச் சேரும் இடம் எது?

விளக்கை எடுத்துக்கொண்டு ஹோஸை விரலால் தொட்டபடியே பின்தொடர்ந்தேன். அது போய்ச் சேர்ந்தது இன்டேக் மேனிஃபோல்டில், தெர்மோஸ்டாட் கூட்டுக்கு மறுபக்கத்திலுள்ள இன்னொரு வாயில். புறப்படும் வாய்க்கும் சேரும் வாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இரண்டும் ஒரே அறைக்குள் திறப்பவை. ஒரு தொட்டியின் ஒரே மட்டத்தில் இரண்டு துளை போட்டு, ஒரு குழாயின் இரு முனைகளையும் அவற்றில் செருகியது போல. குழாய் நிறையத் தண்ணீர் இருக்கும், ஓட அதற்குக் காரணம் இருக்காது. பம்ப் எவ்வளவு தள்ளினாலும் இரு முனையிலும் ஒரே அழுத்தம்தான். அறைக்குள் கூலன்ட் பாயும் திசையால் கிடைத்த சின்ன வேறுபாட்டில்தான் அந்த ஒரு லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும் ஹோஸ் சேர வேண்டிய இடம் என்ஜினின் சுழற்சிப் பம்ப், அதன் உறிஞ்சும் பக்கம். சுற்றிலேயே அழுத்தம் மிகக் குறைந்த இடம் அது. மேனிஃபோல்டில் தள்ளல், பம்பின் வாயில் இழுப்பு. இரண்டுக்கும் நடுவில் மாட்டினால்தான் ஹீட்டருக்கு ஓட்டம். பம்பைப் பார்த்தால் அதற்கான வாய் இருக்கிறது, திருகு மூடி போட்டு இறுக்கியபடி. மூடியில் பெயின்ட்கூடக் கலையவில்லை, பம்பும் மற்ற பாகங்களைவிட இளமையாகத் தெரிந்தது. எப்போதோ பம்பை மாற்றியிருக்கிறார்கள். புதுப் பம்ப் வாய் அடைத்து வந்திருக்கிறது. மாட்டியவர் கையில் ஒரு ஹோஸ் மிஞ்ச, பக்கத்தில் காலியாக இருந்த வாயில் செருகியிருக்கிறார். கசிவில்லை, என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறவில்லை, ஹீட்டரிலும் ஏதோ வெதுவெதுப்பு வருகிறது. யாருக்கும் சந்தேகம் வராத பிழை. படகு உரிமையாளர் கைக்கு வருவதற்கு முன்பே நடந்தது என்பதால், அவருக்கு இந்த ஹீட்டர் நன்றாக இருந்த காலமே தெரியாது.

வேலை சின்னது. கூலன்டைப் பாதி வடித்து, திருகு மூடியைக் கழற்றி, பித்தளை நிப்பிள் ஒன்றை இழைப் பசையோடு முறுக்கி, ஹோஸை அங்கே மாற்றினோம். மேனிஃபோல்டில் காலியான வாய்க்கு மூடி. கையோடு வரிசையையும் மாற்றிவிட்டோம்: முதலில் ஹீட்டர், அப்புறம் தொட்டி. குளிக்கும் தண்ணீர் காத்திருக்கலாம், முன்கண்ணாடி காத்திருக்காது. இரண்டையும் இணையாகப் பிரித்து மாட்டலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் எந்த வழி எளிதோ அந்த வழியே கூலன்ட் ஓடிவிடும், வால்வு வைத்துச் சமன் செய்ய வேண்டும். இவ்வளவு சிறிய படகில் அந்தத் தொல்லை தேவையில்லை என்பது என் கருத்து.

மறுபடியும் காற்றை வெளியேற்றி, வெளியே ஓட்டி அளந்தோம். உள்ளே 69, வெளியே 60. குழல் வாயில் 47 டிகிரி.

மிச்சமிருந்த காற்றுப் பக்கம்

சூடு வந்துவிட்டது, வேகம் இல்லை. ப்ளோயர் ஓடும்போது பேனலில் 13.8 வோல்ட், ப்ளோயர் முனையில் 11.1. நெகட்டிவ் ஒயரின் முனை பச்சை பூத்திருந்தது. ஒயரும் 9 ஆம்பியருக்கு மெல்லியது. 3.3 சதுர மில்லிமீட்டர் வெள்ளீயம் பூசிய ஒயர் போட்டு, முனையைப் புதிதாக அழுத்தி, வெப்பத்தில் சுருங்கும் உறை மாட்டியதும் 13.2 வந்தது.

இப்போது குழல் வாயில் 47க்குப் பதில் 44 டிகிரி. உரிமையாளர் முகம் கொஞ்சம் வாடியது. கோரிலிருந்து வெளியேறும் ஹோஸைப் பார்க்கச் சொன்னேன்: 60லிருந்து 56க்கு இறங்கியிருந்தது. அதிகக் காற்று வீசும்போது ஒவ்வொரு மூச்சுக் காற்றும் கொஞ்சம் குறைவாகச் சூடாகும், ஆனால் கேபினுக்குச் சேரும் மொத்தச் சூடு கூடும். 13 டிகிரி இறக்கம், நிமிடத்துக்கு ஆறு லிட்டர், லிட்டருக்கு 3.7 கிலோஜூல்: 4.8 கிலோவாட். முன்பு இருந்தது 1.6. குழல் வாயில் கை வைத்துப் பார்த்து மட்டும் ஹீட்டரை மதிப்பிட்டால் இந்த இடத்தில் சறுக்கும்.

இருக்கைக்கு அடியில் வேலை செய்தபோது இன்னொன்று தெரிந்தது. இது சூட்டைவிட முக்கியம். ப்ளோயர் காற்றை இழுப்பது இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியிலிருந்து. அந்தப் பெட்டியின் பின்சுவரில், பழைய கேபிள் போன ஓட்டை ஒன்று என்ஜின் அறைக்குத் திறந்து கிடந்தது. பெட்ரோல் என்ஜின் அறையின் காற்றை ஹீட்டர் உறிஞ்சிக் கேபினுக்குள் ஊதும் ஏற்பாடு அது. எக்ஸாஸ்ட் இணைப்பு ஒன்று லேசாகக் கசிந்தாலே கார்பன் மோனாக்சைடு நேராகப் படுக்கைக்குப் போகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓட்டையை அடைத்தோம். கேபினிலிருந்த மோனாக்சைடு அலாரம் ஆயுள் தேதி முடிந்திருந்தது, அதையும் மாற்றினோம். ப்ளோயரின் வேகம் கூடியபிறகு இந்த ஓட்டை இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பெட்டி பிரிக்காத துணைப் பம்புக்கு வருகிறேன். அதை மாட்டியிருந்தால் ஹீட்டர் ஓரளவு சூடாகியிருக்கும்; தவறான இடத்தில் சேரும் ஹோஸை மோட்டார் வைத்துத் தள்ளி, உண்மைக் காரணத்தை மூடி மறைத்திருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், அது போகும் இடம் பெட்ரோல் என்ஜின் அறை. அங்கே கசிந்த பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமாகப் பில்ஜில் தங்கும். அதனால்தான் என்ஜினை முடுக்குவதற்கு முன் நான்கு நிமிடம் பில்ஜ் ப்ளோயரை ஓட்டு என்று அமெரிக்கப் பெட்ரோல் படகுகளில் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அந்த அறையில் வைக்கும் மின்கருவி எதுவும் சுற்றியுள்ள ஆவியைப் பற்றவைக்காத வகையில் கட்டியதாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள கூட்டாட்சி விதி, 33 சிஎஃப்ஆர் 183.410. கார் பம்ப் அப்படிக் கட்டப்படுவதில்லை. காரின் பானெட்டுக்கு அடியில் காற்று ஓடும், ஆவி தங்காது. பம்பைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

கண்ணாடிக்குப் போகும் குழல்களில் ஒன்று, சுக்கான் கேபிளுக்கு அடியில் நசுங்கி அரைவட்டமாகக் கிடக்கிறது. டேஷ்போர்டைக் கழற்றாமல் அதை எடுக்க முடியாது. இடது பக்கக் கண்ணாடி வலது பக்கத்தைவிடத் தாமதமாகத் தெளிகிறது. வசந்தத்தில் வேறு வேலைக்காக டேஷ்போர்டைத் திறக்கும்போது பார்த்துக்கொள்வதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார்.